ஒலியும் வண்ணமும் – 9: அடையாற்றின் பெயரோடு மியூனிக் சென்ற புத்தகம்

மாஸ்கோவில் சட்டம் படித்தவர், பேராசிரியர் பதவிக்கு அழைப்பும் பெற்றவர், வசீலி காண்டின்ஸ்கி. 1896இல், முப்பது வயதில், அத்தனையையும் விட்டுவிட்டு ஓவியம் கற்க அவர் மியூனிக்குக்குப் புறப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த முடிவுக்குப் பின்னால் இரண்டு அனுபவங்கள் இருந்தன. ஒன்று, மாஸ்கோ கண்காட்சியில் பார்த்த மோனேயின் வைக்கோற்போர் ஓவியம். எதிரே நின்று பார்த்தும் அது வைக்கோற்போர் என்று அவருக்குப் புலப்படவில்லை. ஆனாலும் படம் மனத்தைவிட்டு அகலவில்லை. மற்றொன்று, பல்ஷோய் அரங்கில் கேட்ட வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசை நாடகம். வாத்தியங்கள் எழுந்தபோது தாம் அறிந்த நிறங்கள் எல்லாம் கண்முன் நின்றன, கோடுகள் கட்டின்றி ஓடின என்று பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

ஆக, இசை நிறமாகத் தெரியும் அனுபவம் மியூனிக்குக்குப் போகும்போதே அவரிடம் இருந்தது. ஆனால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வரைந்தவை குதிரை வீரர்களும் பழைய ரஷ்ய நகரங்களும் தேவதைக் கதைகளும் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊர்களும்தான். நிறம் நாளுக்கு நாள் துணிச்சல் பெறுகிறது. மரமோ மரமாகவே இருக்கிறது. தம் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட அனுபவத்தை ஒரு மனிதரால் பன்னிரண்டு ஆண்டுகள் படத்துக்குள் கொண்டுவர முடியவில்லை என்றால், எது தடுத்தது? பிறகு எது அந்தத் தடையை எடுத்தது? விடையின் ஒரு பகுதி சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் இயக்கத்திடம் இருக்கிறது என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

1911, ஜனவரி 2

அன்று மாலை மியூனிக்கில் ஒரு கச்சேரி. வியன்னாவைச் சேர்ந்த அர்னால்ட் ஷோன்பெர்க் இயற்றிய இரண்டு நால்வர் தந்தி இசைப் படைப்புகள், ‘ஓப்பஸ் 11’ என்று எண்ணிடப்பட்ட பியானோ துண்டுகள், சில பாடல்கள். கேட்க வந்தவர்களில் காண்டின்ஸ்கி, அவருடைய துணைவியாக இருந்த ஓவியர் காப்ரியேல் மூன்டர், ஃபிரான்ஸ் மார்க், யாவ்லென்ஸ்கி, மரியான் வெரெஃப்கின் ஆகியோர் இருந்தார்கள். எல்லோரும் ஓவியர்கள். ஜெர்மன் வெளிப்பாட்டிய ஓவியத்தின் ஒரு முழு அணியே அங்கே உட்கார்ந்து கேட்டது என்று சொல்லலாம்.

அவர்கள் கேட்டது என்ன என்பதை நம் இசைப் பழக்கத்தை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. தம்புரா மீட்டப்பட்ட கணத்திலிருந்து மங்களம் வரை நாம் கேட்கும் ஒவ்வொரு சுரமும் ஆதார ஷட்ஜத்தை வைத்தே பொருள் பெறுகிறது. காந்தாரம் காந்தாரமாக ஒலிப்பது ஷட்ஜம் கீழே நிற்பதால்தான். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் தம்புரா இல்லை. ஆனால் அங்கும் ஒரு மையச் சுரம் உண்டு. இசை அதைவிட்டு விலகும், அலையும், வேறு மையத்தைத் தேடும், கடைசியில் திரும்பி வந்து அமரும். அந்தத் திரும்புதலில்தான் கேட்பவருக்கு நிறைவு. ஷோன்பெர்க் 1908, 1909 ஆண்டுகளில் அந்த மையத்தைக் கைவிட்டார். அன்று ஒலித்த இரண்டாவது நால்வர் இசையின் கடைசி இரண்டு பகுதிகளில் ஒரு பெண் குரல் சேர்கிறது. இறுதிப் பகுதியில் சுரங்கள் எதையும் சார்ந்து நிற்கவில்லை. பியானோ துண்டுகளில் திரும்பி வருவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு சுரமும் தன் காலில் நிற்கிறது.

காண்டின்ஸ்கி திகைத்துப் போனார்.

அடுத்த சில நாட்களில் ஒரு படம் உருவானது. பெயர் ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’. இன்று மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள கித்தான். வலப்புறத்திலிருந்து பாய்ந்து பரவும் மஞ்சள். நடுவே ஒரு பெரிய கறுப்புத் திட்டு. செங்குத்தாக இரண்டு வெள்ளைப் பட்டைகள். கீழே இடப்புறம் சிறு சிறு நிறத் துணுக்குகளாக நெருங்கிய கூட்டம். ஜனவரி 18ஆம் தேதி, அதுவரை நேரில் அறிமுகமே இல்லாத ஷோன்பெர்க்குக்குக் காண்டின்ஸ்கி கடிதம் எழுதினார். உங்கள் இசையில் ஒவ்வொரு குரலும் தன்னளவில் வாழ்கிறதே, அதைத்தான் நான் ஓவியத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

இந்தப் படத்துக்கு முன் அவர் கரியால் போட்ட வரைவுகளும் கிடைத்திருக்கின்றன; அவைதான் இந்தக் கதையில் மிக முக்கியமான சாட்சிகள். முதல் வரைவில் கச்சேரி கச்சேரியாகவே இருக்கிறது. பியானோவின் திறந்த மூடி தெரிகிறது. சாய்ந்து கேட்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். மண்டபத்தின் தூண்கள் தெரிகின்றன. படத்துக்கு வரும்போது மூடி கறுப்புத் திட்டாகிறது, தூண்கள் வெள்ளைப் பட்டைகளாகின்றன, மனிதர்கள் துணுக்குகளாகிறார்கள். ஆனால் அந்த மஞ்சள்? அரங்கில் அப்படி ஒரு பொருள் எங்கும் இல்லை. காதில் விழுந்தது மஞ்சளாக வந்திருக்கிறது. மையச் சுரத்தை விட்ட ஷோன்பெர்க்கின் இசை மியூனிக் அரங்கில் ஒலித்ததற்கும், காண்டின்ஸ்கியின் கித்தானில் பொருள் கரைந்ததற்கும் நடுவே சில நாட்களே இடைவெளி.

இதைப் படிக்கும் யாருக்கும் எழும் முதல் முடிவு, அந்த ஒரு மாலை காண்டின்ஸ்கியை மாற்றிவிட்டது என்பதுதான். கலை வரலாற்று நூல்கள் பலவும் அந்தக் காட்சியையே முன்னிறுத்துகின்றன. ஆனால் தேதிகள் வேறு கதை சொல்கின்றன. நிறங்கள் மனத்தில் எப்படி ஒலிக்கின்றன என்று விளக்கும் ‘கலையில் ஆன்மிகம் குறித்து’ என்ற அவருடைய நூல் அச்சானது 1911 டிசம்பரில். அதன் கைப்பிரதி பெரும்பாலும் 1909லேயே தயாராகிவிட்டது. வெளிர்நீலம் புல்லாங்குழல், கருநீலம் செல்லோ, அதனினும் ஆழ்ந்த நீலம் ஆர்கன். மஞ்சள் உரக்க ஊதும் எக்காளம். பச்சை வயலினின் அமைதியான நடுச்சுரங்கள் என்று போகிறது அதன் நிற அதிகாரம். வெண்மை, இனி எதுவும் பிறக்கலாம் என்ற மௌனம். கருமை, இனி எதுவும் இல்லை என்ற மௌனம். ஷோன்பெர்க்கின் கச்சேரிக்கு முன்பே இந்தக் கட்டுமானம் எழுந்து நின்றது. கச்சேரி அதற்குச் சான்றாக வந்து அமைந்தது. அப்படியானால் 1909க்கு முன் என்ன நடந்தது?

1908: லைப்சிக்கில் ஒரு மொழிபெயர்ப்பு

1908இல் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. மூல நூல் ஆங்கிலத்தில் 1905இல் லண்டனில் வந்தது. தமிழில் ‘எண்ண வடிவங்கள்’ எனலாம். ஆசிரியர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் லெட்பீட்டர். மற்றவரை நாம் நன்கு அறிவோம்: அன்னி பெசன்ட். பின்னாளில் ஹோம் ரூல் இயக்கத்தை நடத்தி, 1917இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அதே பெசன்ட் அம்மையார். ஜெர்மன் பதிப்பு வரும்போது அவர் பிரம்மஞான சபையின் தலைவராகி ஓராண்டு ஆகியிருந்தது. 1882 முடிவிலிருந்தே அந்தச் சபையின் உலகத் தலைமையிடம் சென்னை அடையாறு.

மனிதரின் ஒவ்வொரு எண்ணமும் உணர்ச்சியும் நுண்ணிய வெளியில் நிறமும் உருவமும் கொண்டு எழுகிறது என்பது நூலின் மையக் கருத்து. எண்ணத்தின் தரம் நிறத்தைத் தீர்மானிக்கும். அதன் இயல்பு வடிவத்தைத் தீர்மானிக்கும். அதன் தெளிவு விளிம்பின் கூர்மையைத் தீர்மானிக்கும் என்று மூன்று விதிகளை அது வகுக்கிறது. பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், அன்புக்கு ரோஜா நிறம், சினத்துக்குச் சிவப்பு. ஆசிரியர்கள் தாங்கள் கண்டதாகச் சொன்னவற்றை ஓவியர்கள் வண்ணப்படங்களாகத் தீட்டித் தந்தார்கள். அவற்றில் வீடு இல்லை, மரம் இல்லை, முகம் இல்லை. மேகம்போல் பரவும் நிறம், ஈட்டியாகப் பாயும் நிறம், கொக்கியாக வளையும் நிறம்.

நூலின் இறுதியில் இசை வருகிறது. ஒரு தேவாலயத்தில் ஆர்கன் ஒலிக்கும்போது கூரைக்கு மேலே எழும் உருவங்கள் என்று மூன்று படங்கள். மெண்டல்ஸன், கூனோ, வாக்னர் ஆகியோரின் இசைக்கு ஒவ்வொன்று. கீழே பெட்டிபோல் குட்டியாக ஒரு தேவாலயம். அதன்மேல் வானை நிறைக்கும் வண்ணக் கோளங்களும் அடுக்குகளும். வாக்னரின் இசை எழுப்பிய உருவம் சுமார் 900 அடி உயரம் என்கிறது நூல். வாக்னரைக் கேட்டபோது தமக்குள் எழுந்த நிறங்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்த ஒருவர், வாக்னரின் இசை வண்ண மலையாக நிற்கும் அச்சிட்ட பக்கத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் பார்த்தார் என்பது ஊகமாகச் சொல்லப்படுவதில்லை. இந்த ஜெர்மன் பதிப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்ததை ஃபின்லாந்துக் கலை வரலாற்றாளர் சிக்ஸ்டன் ரிங்பம் 1960களில் எடுத்துக்காட்டினார். அப்போது பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்குத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஸ்டைனரின் எழுத்துகளைக் காண்டின்ஸ்கி குறிப்பெடுத்துப் படித்ததையும் ரிங்பமே ஆராய்ந்தார். ‘கலையில் ஆன்மிகம் குறித்து’ நூலிலேயே பிரம்மஞான சபையையும் அதன் நிறுவனர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையாரையும் காண்டின்ஸ்கி பெயர் சொல்லி மதிப்போடு குறிப்பிடுகிறார். 1908இல் மொழிபெயர்ப்பு, 1909இல் கைப்பிரதி, 1911 ஜனவரியில் கச்சேரி, அந்த ஆண்டு இறுதியில் நூல். இந்த வரிசையைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

மறுப்புகள்

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: நிறத்தைக் கேட்கும் இயல்பு காண்டின்ஸ்கியிடம் பிறவியிலேயே இருந்தது, அவர் செல்லோவும் பியானோவும் பழகியவர், ‘லோஹென்கிரின்’ அனுபவம் எந்த மொழிபெயர்ப்புக்கும் முந்தியது, ஆகவே புத்தகம் அவருக்கு எதையும் தரவில்லை. இந்த மறுப்பின் முற்பாதியை முழுமையாக ஏற்கிறேன். அனுபவம் அவருடையது. ஆனால் அனுபவம் மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால் 1897லேயே அந்தப் படம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொருளை விட்டுவிட்டால் மிஞ்சுவது கழுத்துப்பட்டையிலும் தரைவிரிப்பிலும் காணும் அலங்காரம்தானே என்ற அச்சம் அவரைப் பிடித்திருந்தது. தம் நூலிலேயே அந்த ஆபத்தை எச்சரிக்கையாகச் சொல்கிறார். பொருளற்ற நிறமும் பொருள் தரும், அது உள்ளத்தின் ஒரு நிலையைத் துல்லியமாகக் காட்டும் என்று யாராவது அடித்துச் சொல்லும்வரை அந்த அச்சம் நீங்காது. ‘எண்ண வடிவங்கள்’ அதை அடித்துச் சொன்னது, படங்களோடு சொன்னது.

அப்படியானால் காண்டின்ஸ்கி அந்த நூலைப் பார்த்து எழுதியவரா? அதற்கும் சான்றே பதில் தருகிறது. பெசன்டும் லெட்பீட்டரும் மஞ்சளை அறிவின் நிறமாக உயர்த்தினார்கள். காண்டின்ஸ்கிக்கு மஞ்சள் மண்ணைச் சேர்ந்தது, பார்ப்பவர்மேல் பாய்வது, ஆழம் இல்லாதது. ஒரே நிறத்துக்கு நேர் எதிரான பொருள். அகராதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நிறங்களுக்கு ஓர் அகராதி இருக்க முடியும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டார். அதுபோல நூலின் படங்கள் கலையாக மிகச் சாதாரணமானவை. விளக்கப் படங்கள் என்ற அளவில் நிற்பவை. அவற்றுக்கும் ‘இம்ப்ரெஷன் 3’க்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு மேதையின் கை மட்டுமே கடந்திருக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு: அது லண்டனில் வந்த நூல், படங்களைத் தீட்டியவர்கள் ஆங்கிலேயர், இதில் அடையாறு எங்கே வந்தது? நியாயமான கேள்வி. நூல் அடையாற்றில் எழுதப்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது இரண்டு மரபுகளின் கலவை. ஒருபுறம் ஐரோப்பிய அறிவியல்: மணல் தூவிய தகட்டை வில்லால் இழுத்து அதிரவைத்து, ஒலிக்கு ஏற்ப மணல் கோலமிடுவதைக் காட்டிய கிளாட்னியின் சோதனையை நூல் விரிவாக எடுத்துச் சொல்கிறது. மறுபுறம் இந்தியத் தத்துவம்: பருவுடலுக்கு உள்ளே நுண்ணுடல் உண்டு, ஒலிக்கு ஆக்கும் ஆற்றல் உண்டு, எண்ணமே ஒரு பொருள் என்ற கொள்கைகள். 1893 முதல் இந்தியாவில் வாழ்ந்து, பகவத் கீதையை 1895இல் ஆங்கிலத்தில் தந்த பெசன்டின் வழியாக இரண்டாவது மரபு நூலுக்குள் வந்தது. அந்தக் கலவையை மதித்து, அச்சிட்டு, கிளைகள் வழியே பல மொழிகளுக்கு அனுப்பிய அமைப்பின் தலைமையிடம் அடையாறு. ‘அடையாற்றின் பெயரோடு’ என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

மூன்றாவது மறுப்பு: இதெல்லாம் நிரூபிக்க முடியாத ஞானதிருஷ்டி, இதன்மேல் கலை வரலாற்றைக் கட்டலாமா? தேவாலயத்துக்கு மேல் 900 அடி உருவம் எழுந்ததா என்பதை ஆராய்வது கலை வரலாற்றின் வேலை ஆகாது. அப்படி எழுந்தது என்று நம்பிய ஒருவர் என்ன வரைந்தார் என்பதே அதன் வேலை. அடியார் நம்பிய புராணத்தை நிரூபித்த பிறகா தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்தைப் பார்க்கிறோம்? நம்பிக்கை தூரிகையை எங்கே கொண்டுசென்றது என்பதைக் கேட்கிறோம். இங்கும் அதே கேள்விதான்.

நான்காவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும்: இதற்கு நூற்றாண்டுகள் முன்பே ராஜஸ்தானிலும் தக்காணத்திலும் இமயமலை அடிவார அரசுகளிலும் ராகமாலை ஓவியங்கள் வந்துவிட்டன, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் ஏழு சுரங்களுக்கும் நிறம் குறித்துவிட்டார், தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போதே யாழையும் நிலத்தோடு சேர்த்துவிட்டது, ஐரோப்பியர் புதிதாக என்ன செய்தார்கள்? முன்னோடிகள் இருந்தது உண்மை. அதைப் பெருமையோடு சொல்லவும் வேண்டும். ஆனால் வேறுபாட்டை மழுப்பக் கூடாது. ராகமாலை ஒரு ராகத்தைத் தலைவனாக, தலைவியாக, மழைக்காலமாக, பிரிவின் இரவாக வரைகிறது. ராகத்துக்கு ஓர் ஆளையும் ஒரு சூழலையும் தருகிறது. சார்ங்கதேவரின் நிறங்கள் ஒரு பட்டியலாக, தியானத்துக்கு உரிய குறிப்பாக நின்றன. தொல்காப்பியம் இசையை நிலத்தில் நட்டது. காண்டின்ஸ்கி ஆளையும் நிலத்தையும் எடுத்துவிட்டு, ஒலி மனத்தில் நிகழ்த்தும் அசைவை மட்டும் வரைந்தார். மரபுகளில் எது உயர்ந்தது என்பது இங்கே வழக்கில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

நிலமும் இயந்திரமும்

இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலை எப்படி மதிப்பிடுவது? யார் முதலில், யாருக்கு யார் கடன்பட்டவர் என்று தராசு பிடிப்பதைவிட, நெய்வேலியை எண்ணிப் பார்ப்பது தெளிவு தரும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. பழுப்பு நிலக்கரி அங்கேதான் இருந்தது. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆனாலும் 1956இல் நிறுவனம் பிறந்து, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியைத் தொட முடிந்தது. மேலே தடித்த மண். கீழே இடைவிடாமல் மேல்நோக்கி அழுத்தும் ஆர்ட்டீசியன் நீர். வாளிகள் பூட்டிய பெருஞ்சக்கர வெட்டு இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962இல் மின்சாரம் தந்த அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. அந்த நிலக்கரியை ஜெர்மன் நிலக்கரி என்றோ, அந்த மின்சாரத்தை ரஷ்ய மின்சாரம் என்றோ யாரும் சொல்வதில்லை. இயந்திரம் வராமல் வெளிச்சம் வந்திருக்காது என்பதை யாரும் மறுப்பதும் இல்லை.

காண்டின்ஸ்கியின் விஷயத்தில் படிந்திருந்த நிலக்கரி அவருடைய சொந்த அனுபவம். மேல்மண், ஓவியம் என்றால் ஏதேனும் ஒரு பொருளைக் காட்ட வேண்டும் என்ற நூற்றாண்டுப் பழக்கம். கீழிருந்து ஓயாமல் அழுத்திய நீர், வெறும் அலங்காரமாகிவிடுவோமோ என்ற அச்சம். நெய்வேலியில் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும் என்பதுபோல, அந்த அச்சத்தையும் அவர் ஒவ்வொரு படத்திலும் புதிதாக வெல்ல வேண்டியிருந்தது. ‘எண்ண வடிவங்கள்’ மண்ணை வெட்டிய இயந்திரம். ஷோன்பெர்க்கின் கச்சேரி, கரி கையில் பட்ட நாள். பங்குகளை இப்படிப் பிரித்துப் பார்த்தால் காண்டின்ஸ்கியின் மேதைமை குறைவதில்லை; அடையாற்றின் பங்கும் கதையாகக் கரைந்துபோவதில்லை.

1922 டிசம்பர், கல்கத்தா

போன புத்தகம் ஓவியமாகத் திரும்பி வந்தது. வந்து சேர்ந்த இடம் சென்னை இல்லை, கல்கத்தா.

வியன்னாவில் படித்த கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் வைமார் நகரில் இயங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியின் ஆசிரியர் யோஹன்னஸ் இட்டனோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டார். விளைவாக, இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் பதினான்காவது ஆண்டுக் கண்காட்சியில் பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவில் தொங்கின. அந்த ஆண்டுதான் பௌஹவுஸில் ஆசிரியராகச் சேர்ந்திருந்த காண்டின்ஸ்கியின் படங்கள் இருந்தன. வயலின் கலைஞராகவே வாழ்க்கையைத் தொடங்கியிருக்கக்கூடிய பால் கிளேயின் படங்கள் இருந்தன. ஓவியத்தோடு ஆர்கனுக்கான ஃபியூக் இசையும் இயற்றிய லயோனல் ஃபைனிங்கரின் மரச்செதுக்கு அச்சுகள் இருந்தன. அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூரின் புதுமைப் படங்களும் சுனயனி தேவியின் படங்களும் இடம்பெற்றன. இசையிலிருந்து பிறந்த ஐரோப்பிய ஓவியம் இந்தியக் கண்களின் முன் வந்து நின்ற முதல் தருணங்களில் இது ஒன்று. இதன் முக்கியத்துவத்தை உணர்ந்து, 2013இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் அந்தக் கண்காட்சியைப் பற்றியே தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

அந்த டிசம்பரில் பெசன்ட் அம்மையார் சபையின் தலைவராக இருந்தார். அவருடைய நூல் தொட்ட ஒரு கையின் படங்கள் அதே நாட்டில், ஒரு ரயில் பயணத் தூரத்தில் இருந்தன. சென்னையின் அரசு ஓவியப் பள்ளியோ அப்போது வெளிநாட்டவர் பொறுப்பில், கைவினைப் பயிற்சிக்கு முதலிடம் தந்துகொண்டிருந்தது. வங்காள ஓவிய மரபில் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக வந்ததே 1929இல்தான்.

இங்கேதான் கதை ஒரு திருப்பத்துக்கு வருகிறது. சென்னையைப்போல் இசை நிறைந்த நகரம் அப்போது உலகில் அதிகம் இல்லை. 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1936இல் அடையாற்றிலேயே, பிரம்மஞான சபையின் நிழலிலேயே, ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். டைகர் வரதாச்சாரியார் அங்கே கற்பித்தார். இசை இருந்தது, இசைக்கு உருவம் உண்டு என்று உலகுக்குச் சொன்ன இயக்கம் இருந்தது, ஓவியப் பள்ளி இருந்தது. ஆனால் 1957இல் அந்தப் பள்ளியின் முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், பொருளை விட்டு வெளியேற வழி தேடியபோது இசைக் கதவைத் தட்டவில்லை. 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தும் கணிதக் குறியும் ஜாதகக் கட்டமும் வந்தன. அவருக்குப் பின் வந்தவர்கள் யந்திரத்தையும் எழுத்தையும் எடுத்தார்கள். ராகத்தைத் தம் படத்தின் மூலப்பொருளாக எடுத்தவர்கள் மிகச் சிலர்.

அதே ஓவியப் பள்ளியில் படித்த ஒருவர் மாறாக இசையிலேயே வாழ்ந்தார். எஸ். ராஜம். கச்சேரி மேடையில் பாடியவர். வீணை பாலசந்தரின் அண்ணன். தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரையும் இன்று நம் வீடுகளும் சபாக்களும் அறிந்திருக்கும் முகங்களோடு வரைந்தவர் அவர்தான். ஏழு சுரங்களையும் தெய்வ உருவங்களாகத் தீட்டினார். இசையை அத்தனை ஆழமாக அறிந்த ஓவியர், காண்டின்ஸ்கி விட்ட உருவத்தை விடாமல் பற்றிக்கொண்டார். அவர் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று சிலர் இதற்கு விளக்கம் தருவார்கள். எனக்கு அது போதவில்லை. ஷோன்பெர்க் மையச் சுரத்தைக் கைவிட்ட பிறகே காண்டின்ஸ்கியின் கித்தானில் பியானோ கறுப்புத் திட்டானது. விடுதலை இரண்டு கலைகளிலும் ஒரே திசையில் நடந்தது. நம் இசையில் அந்தக் கைவிடல் நடக்கவே இல்லை. எத்தனை தொலைவு போனாலும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அது குறைபாடு ஆகாது. அந்த இசையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ஆதார சுருதியை ஒருபோதும் விடாத இசையைக் கேட்டு வளர்ந்த ஓவியர், தம் படத்தில் எதை விட வேண்டும், எதை விடக் கூடாது? ராஜம் உருவத்தை வைத்துக்கொண்டது தயக்கமா, அல்லது சுருதியைக் கண்ணுக்குக் காட்ட அவர் கண்ட வழியா?

(தொடரும்)